பயன்பாட்டு மொழியியல் படித்தால் என் ஆங்கிலம் சரியாகிவிடுமா?

ஜூன் 3 – கேள்வி

இளங்கலையில் ஆங்கில இலக்கியம் முடித்தேன். முதுகலைக்குப் பயன்பாட்டு மொழியியலும் ஆங்கில இலக்கணமும் சேர்ந்த படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. என் கணக்கு இதுதான்: இரண்டு வருடம் இலக்கணத்திலேயே ஊறிக் கிடந்தால் என் ஆங்கிலத்தில் பிழையே இருக்காது. படித்தவர்கள் சொல்லுங்கள், சரிதானே?

ஜூன் 3, இரவு

சரியில்லை. நானும் இதே கணக்கோடுதான் போய்ச் சேர்ந்தேன்.

முதல் வாரமே ஆசிரியை கேட்டார், ஆங்கிலத்தில் எத்தனை காலங்கள் என்று. பாதி வகுப்பு மூன்று என்றது. பயிற்சிப் புத்தகத்தில் வளர்ந்த மீதிப் பாதி பன்னிரண்டு என்றது. அவர் இரண்டு என்றார். இறந்தகாலம் ஒன்று, இறந்தகாலம் அல்லாதது ஒன்று, அவ்வளவுதான். எதிர்காலம் எங்கே போனது என்று நான்தான் எழுந்து கேட்டேன். "வினைச்சொல்லின் உருவத்தில் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்" என்றார். 'வாக்' என்பது 'வாக்ட்' ஆகிறது. எதிர்காலத்துக்கு அப்படி ஒரு விகுதி கிடையாது. 'வில்' என்பது 'கேன்', 'மே', 'மஸ்ட்' கூட்டத்தில் ஒரு துணைவினை. கதவு தட்டும் சத்தம் கேட்டு 'தட் வில் பி த போஸ்ட்மேன்' என்று சொன்னால் அதில் எதிர்காலம் எதுவும் இல்லை. இப்போதே வெளியே நிற்பவர் யார் என்று ஊகிக்கிறோம். 'த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ' என்பதில் நாளைக்கு நடக்கப்போவது இருக்கிறது, 'வில்' இல்லை.

அன்று வீட்டுக்கு வந்தபோது என் ஆங்கிலம் ஒரு துளிகூட மேம்பட்டிருக்கவில்லை. தெரியும் என்று நினைத்திருந்த ஒன்று கையை விட்டுப் போயிருந்தது. இரண்டு வருடமும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஜூன் 5

இன்னும் கொஞ்சம் விவரமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே பெயரில் சேர்த்துச் சொன்னாலும் உள்ளே இருப்பது இரண்டு வேறு வேலை, ஒவ்வொரு பாடங்களும் தனி உலகம்.

இலக்கணப் பாடத்தில் விதி சொல்லித் தரமாட்டார்கள். விதி எங்கிருந்து வந்தது, எதை வைத்து நம்புவது என்று கேட்பார்கள். 'பெயர்ச்சொல் என்றால் ஒரு பொருளின் பெயர்' என்று பள்ளியில் படித்ததை முதலில் உடைப்பார்கள். 'டிஸ்ட்ரக்‌ஷன்' என்பது ஒரு செயல், ஆனாலும் பெயர்ச்சொல். பொருளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அந்தச் சொல் எங்கே உட்கார்கிறது, முன்னால் 'த' வருமா, பன்மை ஆகுமா, எதற்குப் பதிலாக நிற்கும் என்று சோதித்துத்தான் சொல்ல வேண்டும். எல்லாமே சோதனை. எனக்கு இது பிடித்துப்போனது. இலக்கியத்திலிருந்து வந்த இருவர் இரண்டாம் மாதமே வேறு பாடத்துக்கு மாறிக்கொண்டார்கள்.

பயன்பாட்டு மொழியியல் ஆட்களைப் பற்றியது. இரண்டாவது மொழி எப்படி வருகிறது, ஏன் பாதியில் நின்றுவிடுகிறது, தேர்வு வைத்து எதை அளக்கிறோம், நீதிமன்றத்தில் ஒரு வாக்குமூலத்தை யார் எழுதியிருப்பார் என்று மொழியை வைத்துச் சொல்ல முடியுமா, இப்படி. இதில் என்னை அதிகம் ஆட்டியது பிழை பற்றிய பகுதி. அதை நிதானமாக எழுத வேண்டும், இன்று தூக்கம் வருகிறது.

ஜூன் 6

பிழை.

1957-இல் ராபர்ட் லாடோ என்ற மொழியியலாளர் ஒரு யோசனையை முன்வைத்தார். தாய்மொழியையும் கற்கும் மொழியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஒத்துப்போகும் இடம் எளிது, வேறுபடும் இடம் கடினம். கேட்டதும் தலையாட்டத் தோன்றும். நானும் ஆட்டினேன். ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் 'எ', 'த' போன்றவைதான் ஆர்ட்டிகிள். முதல் கட்டுரையிலேயே எழுதினேன்: "தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை, ஆகவே தமிழர்கள் ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிளை விட்டுவிடுகிறார்கள்." திருத்தியவர் ஓரத்தில் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: எப்படித் தெரியும்?

கோபம் வந்தது. தமிழன் சொல்கிறேன், இன்னும் எப்படித் தெரியும் என்று கேட்டால்? சரி, நிரூபித்துக் காட்டலாம் என்று என்னுடைய பழைய மின்னஞ்சல்களையே எடுத்து எண்ண ஆரம்பித்தேன். நான் விட்ட 'த'க்களைவிடத் தேவையில்லாத இடத்தில் போட்டவைதான் அதிகம். 'த நேச்சர்', 'த சொசைட்டி', 'த லைஃப் இஸ் ஹார்ட்'. மொழியில் இல்லாத ஒன்றை விட்டுவிடுவேன் என்று எதிர்பார்த்தால், பயந்துபோய் எல்லா இடத்திலும் தெளித்து வைத்திருக்கிறேன். ஆங்கில எழுத்தில் நூறு வார்த்தைக்கு ஆறேழு 'த' வரும், தடுமாற நிறைய இடம் இருக்கிறது.

அதே வாரம்தான் பிட் கார்டர் 1967-இல் எழுதிய கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். சில பக்கங்கள்தான். கற்பவர் செய்யும் பிழையைக் களையாகப் பார்க்காதே, அவர் தலைக்குள் இப்போது என்ன விதி ஓடுகிறது என்பதற்கு அதுதான் சான்று என்கிறார். 1972-இல் லாரி செலிங்கர் அதற்கு ஒரு பெயர் வைத்தார், இடைமொழி. தாய்மொழியும் இல்லை, கற்கும் மொழியும் இல்லை, நடுவில் தனக்கென்று விதி வைத்துக்கொண்டு நிற்கும் ஒன்று. என் 'த லைஃப்' அரைகுறை ஆங்கிலம் இல்லையாம், என் இடைமொழியின் ஒழுங்கான வாக்கியமாம். மதிப்பெண் என்னவோ கூடவில்லை.

ஜூன் 6, கொஞ்ச நேரம் கழித்து

தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை என்று சுலபமாக எழுதிவிட்டேன். அந்த வேலையைச் செய்யும் வேறு ஏற்பாடு இருக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் நமக்கு முன்பே தெரிந்த புத்தகம். அந்த 'ஐ' சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. இருபது வருடமாக நான் சரியாகப் பயன்படுத்தி வந்த ஒன்று, ஆங்கில 'த'வைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டபோதுதான் கண்ணில் பட்டது.

ஜூன் 7

நேற்று இரவு எழுதியதை ஒருவர் பிடித்துவிட்டார். நியாயம்தான். 'ஒரு பையனைப் பார்த்தேன்' என்றாலும் 'ஐ' வருகிறது, அந்தப் பையன் யாரென்று யாருக்கும் தெரியாது. உயர்திணைச் செயப்படுபொருளுக்கு 'ஐ' எப்படியும் வந்துவிடும். நான் சொன்ன வேறுபாடு அஃறிணையில்தான், அங்கேயும் 'ஒரு புத்தகத்தை வாங்கினேன்' என்று சொல்ல முடியும். ஆக 'ஐ' என்றால் 'த' என்று சமன்பாடு போட முடியாது. பார்த்தீர்களா, லாடோ போன வழியிலேயே நானும் போய்விட்டேன்.

ஜூன் 9

'மூன்றாம் ஆள் ஒருமை எஸ்' பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 'ஹி கோ', 'ஷி வான்ட்' என்று ஏன் வருகிறது, இவ்வளவு எளிய விதியை ஏன் மறக்கிறோம்?

எனக்கு இதைவிடப் பிடித்த கேள்வி இல்லை. ஒப்பீட்டுக் கணக்கு சரியென்றால் இது நமக்கு அல்வா மாதிரி இருக்க வேண்டும். தமிழ் வினை முழுக்க முழுக்க ஆளோடு இயைந்து நடக்கும். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது. இவ்வளவையும் மூச்சு விடாமல் செய்பவர்களுக்கு, ஆங்கிலம் கேட்கும் ஒரே ஒரு 'எஸ்' எம்மாத்திரம்? ஆனாலும் தவறுகிறோம். நான் ஆங்கிலத்தில் மொழியியல் பாடம் நடத்தும்போதுகூட 'த லேர்னர் மேக்' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்திருக்கிறேன்.

1970-களில் ஹைடி டுலேயும் மரினா பர்ட்டும் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளையும் சீன மொழி பேசும் பிள்ளைகளையும் வைத்துப் பார்த்தார்கள். ஆங்கில உருபுகள் இரு கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வந்தன. 'இங்' முன்னால் வரும். இந்த 'எஸ்' கடைசிப் பக்கம். தாய்மொழி எதுவாக இருந்தாலும் இது பின்னால்தான் நிற்கிறது. காரணம் பற்றி நிறையச் சண்டை. எனக்குச் சரியாகப் படுவது: அந்த 'எஸ்' சொல்லும் செய்தியை 'ஹி' என்ற சொல் ஏற்கெனவே சொல்லிவிட்டது. விட்டாலும் யாருக்கும் எதுவும் குறையாது, அதனால் காதும் அதைக் கண்டுகொள்வதில்லை. தமிழில் 'வந்தாள்' என்றால் எழுவாயே தேவையில்லை, விகுதியை விட்டால் யார் வந்தது என்றே தெரியாமல் போகும்.

ஜூன் 10

நேற்றையதில் 'தாய்மொழி எதுவாக இருந்தாலும்' என்று அடித்துச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். 2009-இல் லுக், ஷிராய் இருவரும் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஜப்பானிய, கொரிய, சீன மொழிக்காரர்களுக்கு உடைமை காட்டும் 'எஸ்' அந்த வரிசை சொல்வதைவிட முன்னால் வருகிறது, பன்மையும் ஆர்ட்டிகிளும் பின்னால் போகின்றன என்று தெரிந்தது. தாய்மொழி கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிட்டது. இந்தத் துறையில் எந்த வாக்கியத்தையும் 'எப்போதும்' போட்டு எழுதினால் பத்து வருடத்தில் யாராவது வந்து கழற்றுவார்கள். எனக்கு ஒரு நாளிலேயே.

ஜூன் 12

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு: கற்பித்தல், பாடநூல், தேர்வுத் தயாரிப்பு, மொழித் தொழில்நுட்பம். இதற்கு மேல் ஜோசியம் எனக்குத் தெரியாது.

புள்ளியியல் வருமா? வரும். நான் தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஜூன் 14

இரண்டு தடியான புத்தகங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ராண்டால்ஃப் குவர்க் குழுவின் பேரிலக்கணம் 1985-இல் வந்தது, 1,700 பக்கத்துக்கு மேல். ஹடில்ஸ்டன், புல்லம் தலைமையில் 2002-இல் இன்னொன்று, அது 1,800-ஐத் தாண்டும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படித்ததுதான் நான் செய்த முட்டாள்தனம்.

'பிஃபோர் ஹி கேம்' என்பதில் 'பிஃபோர்' என்ன சொல்? குவர்க் வழியில் அது ஒரு வாக்கியத்தை இன்னொன்றோடு கோக்கும் சார்பு இணைப்புச்சொல். ஹடில்ஸ்டன் வழியில் அது 'இன்', 'டு' போன்ற முன்னிடைச்சொல்தான், பெயருக்குப் பதிலாக ஒரு முழு வாக்கியத்தைத் தன் பின்னால் எடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் வலுவான காரணம் இருக்கிறது. தேர்வில் நான் ஒரு பகுதியில் இதையும் அடுத்த பகுதியில் அதையும் எழுதி, மூன்றாவதில் இரண்டையும் குழப்பி, நல்ல மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டேன். "எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்" என்று விடைத்தாளில் எழுதியிருந்தது. ஆகவே சேர்ந்த முதல் வாரமே கேளுங்கள், நீங்கள் எந்த வீடு என்று. ஒவ்வொரு வாக்கியங்களுக்கும் மரம் (எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று காட்டும் கிளைப்படம்) வரையச் சொல்வார்கள், அந்த வீட்டு மரத்தையே வரையுங்கள்.

மரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தொலைநோக்கி வாக்கியம் எல்லா வகுப்பிலும் வரும்: 'ஐ சா த மேன் வித் த டெலஸ்கோப்'. யாரிடம் தொலைநோக்கி? இரண்டு மரம் வரையலாம். தமிழில் இந்தக் குழப்பமே வராது என்று பெருமையாகக் கை தூக்கினேன். 'தொலைநோக்கியால் பார்த்தேன்', 'தொலைநோக்கி வைத்திருந்த ஆளைப் பார்த்தேன்', முடிந்தது. ஆசிரியை சிரித்துவிட்டு, 'பழைய பள்ளி மாணவர்கள்' என்று பலகையில் எழுதினார். எது பழையது, பள்ளியா மாணவர்களா? அப்புறம் 'அடித்த பையன்' என்று எழுதினார். அவன் அடித்தானா, அவனை யாராவது அடித்தார்களா? பெயரெச்சம் வாயைத் திறக்காது. அதோடு கையை இறக்கிக்கொண்டேன்.

ஜூன் 15

முதல் குறிப்பில் பாக்கி ஒன்று. ஆங்கிலத்தில் எதிர்காலம் இல்லை என்று அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தேனே, நம்முடையது மட்டும் சுத்தமான எதிர்காலமா? 'சின்ன வயதில் தினமும் எங்கள் வீட்டுக்கு வருவான்.' இது நடந்து முடிந்த கதை, உருவமோ எதிர்காலம். 'இந்நேரம் தூங்கியிருப்பான்' என்றால் அது 'வில்' செய்யும் அதே ஊக வேலை. எதிர்காலம் என்று நாம் பெயர் வைத்த உருவம் பழக்கத்தையும் ஊகத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. உருவம் ஒன்று, அது செய்யும் வேலை இன்னொன்று. முதல் வாரம் ஆசிரியை சொல்ல வந்தது இதைத்தான், நான் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 18

'வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது' என்பது விதியா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை. 1672-இல் ஆங்கிலக் கவிஞர் டிரைடன் முந்தைய தலைமுறை எழுத்தைக் குறை சொல்லும்போது இதையும் ஒரு குறையாகச் சொன்னார். பழி முழுக்க பிஷப் ராபர்ட் லவுத் தலையில் விழுந்தது. ஆனால் 1762-இல் லவுத் எழுதிய இலக்கணத்தைத் திறந்து பார்த்தால், நம் மொழி இந்த வழக்கத்தின் பக்கம் நன்றாகவே சாய்கிறது, பேச்சுக்கும் எளிய நடைக்கும் அது பொருந்தும், உயர்ந்த நடைக்கு மற்றது மேல் என்றுதான் இருக்கிறது. அதன் முதல் பகுதியே 'இன்க்ளைன்ட் டு' என்று 'டு'வில்தான் முடிகிறது. வேண்டுமென்றே செய்தாரா என்று இன்றுவரை ரசிக்கிறார்கள்.

இலத்தீன் சட்டையை ஆங்கிலத்துக்கு மாட்டிய கதை இது. நாமும் இதில் சளைத்தவர்கள் இல்லை. 11-ஆம் நூற்றாண்டு வீரசோழியம் வடமொழி இலக்கணச் சட்டகத்துக்குள் தமிழை உட்காரவைத்துப் பார்த்த நூல்தான்.

ஜூன் 21

மாணவர் கட்டுரைகளைத் திருத்திப் பிழைத்த காலம் ஒன்று எனக்கு உண்டு. சிவப்பு மையால் ஒரு 'த'வையும் விடாமல் சுழிப்பேன். 1996-இல் ஜான் ட்ரஸ்காட், எழுத்தில் இலக்கணத் திருத்தம் பயன் தருவதில்லை, கெடுதலும் செய்யும், விட்டுவிடுங்கள் என்று எழுதினார். டானா ஃபெரிஸ் 1999-இல் மறுத்தார், எல்லாத் திருத்தத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்று. நான் ட்ரஸ்காட் கட்சியில் சேர்ந்து ஒரு பருவம் முழுக்க எதையும் சுழிக்காமல் கருத்தை மட்டும் பார்த்தேன். மாணவர்கள் நான் சோம்பேறியாகிவிட்டேன் என்று நினைத்தார்கள். அடுத்த பருவம் கட்டுரைக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் சுழித்தேன். அதுதான் கொஞ்சம் வேலை செய்த மாதிரி தெரிந்தது. என் வகுப்பு ஆய்வு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரிச்சர்ட் ஷ்மிட் பிரேசிலில் ஐந்து மாதம் இருந்து போர்த்துகீசியம் கற்றபோது நாட்குறிப்பு எழுதினார், பேச்சையும் பதிவு செய்துகொண்டார். பின்னால் இரண்டையும் ஒப்பிட்டால், ஒரு வடிவம் மற்றவர் பேச்சில் தன் கவனத்தில் பட்ட பிறகுதான் தன் வாயில் வந்திருக்கிறது. அதற்கு முன் ஹவாயில் வெஸ் என்ற பெயரில் அவர் எழுதிய ஜப்பானிய ஓவியர் நேர் எதிர். ஆங்கிலத்திலேயே தொழில், நண்பர்கள், கலகலப்பு எல்லாம். மூன்று வருடத்தில் இலக்கணம் மட்டும் பெரிதாக நகரவில்லை. ஊறிக் கிடந்தால் போதும் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வெஸ் ஞாபகம்தான் வந்தது.

ஜூன் 24

'அப்படியானால் உங்கள் ஆங்கிலம் கொஞ்சமும் மேம்படவில்லையா' என்று நேராகக் கேட்டுவிட்டீர்கள். ஜூன் 3 அன்று ஒரு துளிகூட இல்லை என்று எழுதியது அந்த ஒரு நாளைப் பற்றி. இரண்டு வருடமும் அப்படித்தான் என்றது மிகை. பேச்சு மாறவில்லை, சொல்லப்போனால் ஒரு வருடம் இன்னும் தடுமாறினேன், வாயைத் திறக்குமுன் மரம் தெரியும். எழுத்து மாறியது. வேகம் குறைந்தது, 'த லைஃப்' போனது. 'த சொசைட்டி' இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஜூன் 26

நான் தமிழில் செய்த பிழையை ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். ஜூன் 5 குறிப்பில் 'ஒவ்வொரு பாடங்களும்'. ஒவ்வொரு என்றால் ஒருமைதான் வர வேண்டும், 'ஒவ்வொரு பாடமும்'. இவ்வளவு பேசுகிறவர் இதைச் செய்யலாமா என்று கேட்கிறார்.

கார்டர் எனக்கு ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார். விதி தெரிந்தும் களைப்பிலோ அவசரத்திலோ கை தவறினால் அது வெறும் தவறு. விதியே தலைக்குள் வேறு மாதிரி இருந்தால்தான் பிழை. எனக்கு விதி தெரியும், அன்று தூக்கம் வேறு. ஆகவே இது தவறு, பிழை இல்லை.

ஜூன் 26, இரவு

இந்த வாதத்தை அனுப்பிவிட்டு, ஒரு நிம்மதிக்காக என் குறிப்புகள் எல்லாவற்றையும் தேடிப் பார்த்தேன். ஜூன் 14: 'ஒவ்வொரு வாக்கியங்களுக்கும்'. அன்று தூக்கமும் இல்லை. எழுதிய இரண்டு இடத்திலும் பன்மை, ஒரு இடத்தில்கூட ஒருமை இல்லை. வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் 'ஒழுங்கான முறை தெரிகிறது, இடைமொழி விதி' என்று குறித்து வைத்திருப்பேன்.

நன்னூல்காரர் வழு (பிழை), வழாநிலை (பிழையின்மை) என்று இரண்டோடு நிறுத்தாமல், காரணம் இருந்தால் ஏற்கலாம் என்று வழுவமைதி என்று மூன்றாவது ஒன்றையும் வைத்தார். 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல' என்றும் சொல்லிவைத்தார். என் காரணத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கும்வரை இரண்டு இடத்தையும் திருத்தாமல் விடுகிறேன், சான்று அழியக் கூடாது.